கல்லு சாருக்குத் தெரியாது

எங்கள் குடும்பத்து ஆண்களுக்குத் தெரியாதது என்று எதுவும் கிடையாது. முட்டை விலை அடுத்த வாரம் ஏறுமா இறங்குமா, பக்கத்துத் தோட்டத்துக்காரரின் முழங்கால் வலிக்கு எது காரணம், அமெரிக்கா ஏன் அப்படி நடந்துகொள்கிறது, எல்லாம் தெரியும். கேட்க ஓர் ஆள் அகப்பட்டால் போதும். நான் அந்தக் குடும்பத்தில் பிறந்தது போதாதென்று கோயமுத்தூரில் எம்.பி.ஏ. வேறு படித்தேன். அதனால் எனக்குத் தெரியாத விஷயங்களை ஆங்கிலத்திலும் விளக்க முடியும்.

அப்படிப்பட்டவன் போய்க் கல்லு சாரிடம் மாட்டினேன்.

கல்லு சார் என்பது அவருடைய பெயரல்ல. என் மாமனார் வைத்தது. சேலம் சூரமங்கலத்தில் ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் ஒரு தெருவில் இருந்தார். இங்கே வெள்ளைக்கல் சுரங்கத்தில் தொடங்கி, வடக்கே ஈயமும் வெள்ளியும் எடுக்கிற சுரங்கங்களில் நிலவியலாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒல்லியாக, உயரமாக, கொஞ்சம் முன்பக்கம் வளைந்து இருப்பார். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு உருப்பெருக்கிக் கண்ணாடி. அதை வெளியே எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கையில் கொடுத்த கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். நாம் பக்கத்தில் நின்று தவித்துக்கொண்டிருப்போம். பார்த்து முடித்துத் தலை நிமிர்ந்தால் அநேகமாக ஒரே பதில்தான் வரும்.

“தெரியல தம்பி.”

அதற்கு மேல் எதுவும் சொல்ல மாட்டார். வருத்தப்பட மாட்டார், சமாளிக்க மாட்டார், இருமக்கூட மாட்டார்.

அவரை நான் தேடிப் போனது ஒரு வெள்ளிச் சுரங்கத்துக்காக. சங்ககிரியில் உட்கார்ந்து லாரிகளுக்கு லோடு பிடிக்கிறவனுக்கும் வெள்ளிச் சுரங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். என் மனைவியும் கேட்டாள். சம்பந்தம் அவளுடைய அப்பாதான். மாமா திருச்செங்கோட்டில் ரிக் வண்டிகள் வைத்திருப்பவர். ஆழ்துளைக் கிணறு போடுகிற அந்த வண்டிகள் முதலில் வடக்கே போயின, பிறகு கப்பலேறி ஆப்பிரிக்காவுக்கும் போயின. அங்கே ஒரு நாட்டில் மாமாவின் வண்டி ஒரு சின்னச் சுரங்கத்துக்குத் தண்ணீர்க் கிணறு போட்டுக் கொடுத்தது. நாட்டின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது மாமாவின் உத்தரவு, உரிமம் புதுப்பிக்கிற நேரமாம். சுரங்கத்தின் சொந்தக்காரர் வயதானவர். மேல்மட்டத்துத் தாது தீர்ந்துகொண்டிருந்தது. இன்னும் ஆழத்துக்கு ஒரு சரிவுப் பாதை குடைந்து, பெரிய அரைவை ஆலை ஒன்றும் வைத்தால் சுரங்கத்தை விரிவாக்கலாம், கூட்டுச் சேர ஆள் வேண்டும் என்று அவர் மாமாவிடம் சொல்லியிருக்கிறார்.

மாமா என்னிடம் சொன்னார். “என்னுங்க மாப்ள, நீங்க படிச்சவரு. இது நமக்கு ஆவுமான்னு ஒரு ரோசன பண்ணிச் சொல்லுங்க.”

நான் யோசனை பண்ணவில்லை. அன்று மாலையே விளம்பரப் புத்தகம் தயாரிக்க ஆரம்பித்துவிட்டேன். வழவழப்பான தாளில், முதல் பக்கத்தில் ஆப்பிரிக்காவின் வரைபடம், அதன்மேல் ஒரு பெண்ணின் கால், காலில் சேலத்துக் கொலுசு. செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளுக்கு நம் சுரங்கத்து வெள்ளி நேராக வந்து இறங்கும் என்று அடியில் ஒரு வாசகம். கால் என் மனைவியுடையது. அவள் தன் சித்திகளுக்கெல்லாம் சொல்லிவிட்டிருந்தாள்.

நிபுணர் ஒருவரின் கையெழுத்து இருந்தால் பங்கு போடுகிறவர்களுக்குத் தைரியம் வரும் என்று சூரமங்கலத்துக்குப் போனேன். கல்லு சார் விளம்பரப் புத்தகத்தை உருப்பெருக்கி இல்லாமலேயே பார்த்தார்.

“தம்பி, சுரங்கத்துல வெள்ளி எப்படி இருக்கும்னு பாத்திருக்கீங்களா?”

“பளபளன்னு இருக்குமுங்க சார்.”

உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். அது அவருடைய மனைவி. பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவர். தெருவில் எல்லாருக்கும் அவர் டீச்சர்தான், எனக்கும் அப்படியே ஆனார்.

சார் அலமாரியிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு கல்லை எடுத்து என் கையில் வைத்தார். எதிர்பார்க்காத கனம், கை கீழே போய்விட்டது. “இது ஈயத் தாது. வெள்ளி இதுக்குள்ள கலந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. சுரங்கத்தை விட்டு வெளிய போறது ஒரு கருப்புப் பொடி. அதை உருக்காலைக்காரன் வாங்கிக்குவான். இந்தக் கொலுசு வேற எங்கயோ இருந்து வந்திருக்கும்.”

“அப்ப நம்ம சுரங்கத்துல எவ்வளவு வெள்ளி இருக்குமுங்க சார்?”

“தெரியாது. போய்ப் பாத்தாத்தான்.”

அந்தக் கடைசி வார்த்தையை அப்போது நான் கவனிக்கவில்லை. பிறகுதான் புரிந்தது. நம் ஊரில் தெரியாது என்றால் பேச்சு முடிந்தது, நீ கிளம்பலாம் என்று அர்த்தம். அவர் தெரியாது என்றால் பெட்டி கட்டப் போகிறார் என்று அர்த்தம்.

கட்டினார். நாங்கள் இருவரும் போனோம். பழைய சுரங்கத்துக்குள் அவர் நாள் முழுக்கச் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தார். நான் தலைக்கவசத்தைச் சரிசெய்துகொண்டும் படம் எடுத்துக்கொண்டும் பின்னால் போனேன். தாது என்பது பாறைக்குள் சாய்வாக இறங்குகிற ஒரு பட்டை என்று அங்கேதான் எனக்குத் தெரிந்தது. சொந்தக்காரப் பெரியவர் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, இதற்குக் கீழேயும் இதே அகலத்தில் போகிறதல்லவா என்று கேட்டார். சார் ஒவ்வொரு திருப்பத்திலும் தெரியாது என்றார். ஆங்கிலத்தில் சொன்னதால் இன்னும் மரியாதைக் குறைவாக இருந்தது. நான் நடுவில் புகுந்து, சார் சொல்ல வருவது என்னவென்றால் என்று ஆரம்பிப்பேன். “நான் சொல்ல வர்றது தெரியாதுங்கறதுதான்” என்று சார் முடித்து வைப்பார்.

ஊர் திரும்பியதும் அவர் ஒரு குறுக்குவெட்டுப் படம் வரைந்து கொடுத்தார். கண்ணால் பார்த்த இடம் வரைக்கும் தாதுப்பட்டை முழுக்கோடு. பார்த்ததை வைத்து ஊகித்த இடத்தில் புள்ளிக்கோடு. அதற்கும் கீழே ஒரு கேள்விக்குறி. நானும் ஒரு படம் வரைந்து வைத்திருந்தேன். அதில் வெள்ளி பக்கத்தின் அடி ஓரம் வரைக்கும் இறங்கியது. காகிதம் முடிந்துவிட்டதால் அங்கே நின்றது.

“சார், அந்தக் கேள்விக்குறிய மட்டும் எடுத்துரலாமுங்களா? பாக்கறவங்க பயந்துக்குவாங்க.”

அவர் படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். “நீங்க சொல்றது சரிதான். சின்னதா இருக்கு. சிலர் கவனிக்காமப் போயிடுவாங்க.” சிவப்பு பென்சிலை எடுத்து அதைப் பெரிதாக்கிக் கொடுத்தார்.

டீச்சரிடம் முறையிட்டேன். அவர் காபி டம்ளரை நீட்டிக்கொண்டே சொன்னார்: “இதுக்கே இப்படிச் சொல்றீங்களே தம்பி. எங்க சர்ச் பங்குல ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களுக்கு மறைக்கல்வி எடுக்க ஆள் இல்லைன்னு இவரைப் போட்டாங்க. ஒரு பிள்ளை, மோட்சம் எப்படி இருக்கும்னு கேட்டிருக்கு. இவர் தெரியாதுன்னுட்டார். அது ஊட்ல போய்ச் சொல்லி, அதோட அப்பா ஃபாதர்கிட்ட சொல்லி, ஃபாதர் இவரைக் கூப்பிட்டு, அப்படிச் சொல்லலாமான்னு கேட்டார். இவர் என்ன பண்ணினார் தெரியுமா? நீங்க பாத்திருக்கீங்களா ஃபாதர்னு உண்மையாவே விசாரிச்சிருக்கார். கிண்டலா இல்ல. பாத்திருந்தா தெரிஞ்சுக்கலாமேன்னு.”

“அப்புறங்க டீச்சர்?”

“அப்புறம் என்ன, நாற்காலி எடுத்துப் போடற வேலைக்கு மாத்திட்டாங்க.”

சாரின் மகளைப் பெண் பார்க்க வந்தபோதும் இதே கதைதான். பையனின் அம்மா, பொண்ணு நல்லா சமைக்குமா என்று கேட்டிருக்கிறார். “தெரியாதுங்க, இதுவரைக்கும் சமைச்சதில்ல” என்றாராம். பெரியவர்களின் முகம் மாறிவிட்டது. பையன் மட்டும் சிரித்திருக்கிறான். அவன்தான் மருமகன். இருவரும் இப்போது பெங்களூரில் வெளியே வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

இதையெல்லாம் கேட்ட பிறகும் நான் அவரைப் பங்குதாரர் கூட்டத்துக்குக் கூப்பிட்டேன். என் சாமர்த்தியத்தின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

சங்ககிரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். மாமாவின் சொந்தங்கள், ரிக் வண்டிக்காரர்கள், லாரி முதலாளிகள் எல்லாரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். மாமாவின் அக்கா, இளம்பிள்ளையில் சேலை வியாபாரம் செய்கிற பெரியம்மணி அத்தை, முன்வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நூலைத் தொட்டால் எந்தக் கடைச் சரக்கு என்று சொல்கிற அத்தை, பேச்சைத் தொட்டும் சொல்வார். நான் திரையில் படங்களைப் போட்டு நெடுநேரம் பேசினேன். சுரங்கம், சரிவுப் பாதை, ஆலை, எதிர்காலம். குரலை ஏற்றி இறக்கினேன். நடுவில் சினிமாவில் வருவதுபோல் ஒரு நிமிடம் மௌனமாகவும் நின்றேன். மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது.

அத்தை கை தூக்கினார். என்னைப் பார்க்கவில்லை, ஓரத்தில் உட்கார்ந்திருந்த சாரைப் பார்த்தார்.

“ஏனுங்க சார், அந்த வெள்ளி அடியில எம்புட்டுத் தூரம் போவுதுங்க?”

சார் எழுந்து நின்றார். “தெரியாதுங்கம்மா.”

மண்டபத்தில் இருந்த அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின. நான் ஒலிவாங்கியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். “சார் ரொம்ப அடக்கமானவருங்க, அதனால...”

“அடக்கமெல்லாம் இல்ல தம்பி” என்றார் சார், சாதாரணமாக. “பழைய சுரங்கத்தோட அடிமட்டம் வரைக்கும் இருக்கு, பாத்தேன். அதுக்குக் கீழ இருக்கலாம், இல்லாமயும் போகலாம். பாறை நடுவுல வெட்டுப்பட்டு ஒரு பக்கமா விலகியிருந்தாலும் இருக்கும். தெரியாம ஆலை கட்டினா, ஆலை நிக்கும், அரைக்கறதுக்குக் கல் இருக்காது.”

உட்கார்ந்துவிட்டார்.  அவ்வளவுதான், என் சுரங்கம், என் ஆலை, என் மனைவியின் கால், எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு மாமா சிரித்தார். அப்புறம் மண்டபமே சிரித்தது.

“மாப்ள, நீங்க ஏனுங்க இப்படி வேர்த்து ஊத்தறீங்க?” என்றார் மாமா. “நாம தோட்டத்துக்குத் தோட்டம் போயி நெலத்துல ஓட்ட போடறவங்க. தண்ணி வருமான்னு கேட்டா நாம என்னுங்க சொல்றம்? பூமிக்குள்ள பூந்து பாத்தவன் ஆருங்கன்னு தான சொல்றம்? வரும்னு அடிச்சுச் சொல்ற ரிக்காரன எவனாச்சும் வேலைக்குக் கூப்புடுவானா? நெம்ப நேரமா நீங்க பேசறதக் கேட்டுட்டு எனக்குத்தான் வெசனமா இருந்துச்சு. சாரு சொன்னதுதான் நம்ம பாஷ.”

“அப்பறம் என்ன, ஓட்ட போட்டுப் பாருங்க” என்றார் அத்தை. “ஆலை கீலையெல்லாம் அப்புறமேலு.”

உலகத்தில் எத்தனையோ ஊர்களில் முதலீட்டாளர் கூட்டங்கள் நடக்கின்றன. நிபுணர் தெரியாது என்று சொன்னதைக் கேட்டுக் கைதட்டியது எங்கள் கூட்டம் மட்டும்தான் என்று நினைக்கிறேன். நிலத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே மூன்று வேளையும் சாப்பிடுகிற ஊரில் போய் நான் நிச்சயத்தை விற்கப் பார்த்திருக்கிறேன். விளம்பரப் புத்தகங்கள் கட்டுக் கட்டாக மிஞ்சின. அத்தை அவற்றை இளம்பிள்ளைக்குக் கொண்டுபோய், பட்டுச் சேலை மடிப்புக்கு உள்ளே வைத்தார். தாள் நல்ல தாள் என்றார்.

ஆலைக்குப் பதிலாக முதலில் துளை போடுவதற்குப் பங்குப் பணம் சேர்ந்தது. மாமாவின் ரிக் பாறையைத் தூளாக்கிவிடும் என்பதால், பாறையை உருளையாக முழுசாக வெட்டி எடுக்கிற வேறு இயந்திரம் வாடகைக்கு வந்தது. முதல் உருளையைப் பார்த்த மாமா, “அடேங்கப்பா, வெள்ளரிக்காயாட்டம் வருதுங்க” என்று செல்போனில் படம் எடுத்து அனுப்பினார். வெள்ளரிக்காய்கள் வந்துகொண்டே இருந்தன. தாதுதான் வரவில்லை. தெற்குப் பக்கம் போட்ட துளைகள் எல்லாம் வெறும் பாறை.

பங்குதாரர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. வாரம் ஒருமுறை நான் நிலவரம் எழுதுவேன். ‘மிகவும் சாதகமான அறிகுறிகள் தென்படுகின்றன’ என்று ஒருமுறை போட்டேன். போட்ட கையோடு அடியில் சாரின் பதில் வந்தது: ‘எனக்குத் தென்படவில்லை.’ அதற்கு அத்தை ஒரு கும்பிடு போட்டிருந்தார். எனக்கா அவருக்கா என்று தெரியவில்லை. அவருக்குத்தான் என்று என் மனைவி சொன்னாள்.

எனக்குத் தூக்கம் போயிற்று. என்னை நம்பி வந்தவர்கள் பாதிப் பேர் என் மனைவியின் சொந்தம். பொங்கலுக்கு மாமனார் வீட்டுக்குப் போக வேண்டும், அவர்களுக்கு நடுவில் இலையில் உட்கார வேண்டும். சாருக்கு ஃபோன் போட்டு, இன்னும் எத்தனை துளைங்க சார் என்று அழாத குறையாகக் கேட்பேன். அவர் அங்கே துளை போடுகிற இடத்தில் வெயிலில் நின்றுகொண்டு, “வடக்க ஒண்ணு பாக்கணும் தம்பி. இருக்கும்னு சொல்லல. பாக்கணும்” என்பார். அவர் குரலில் சந்தோஷம் இருந்ததுதான் என்னால் தாங்க முடியவில்லை. தெரியாத இடத்தில் நிற்பது எனக்கு முள்மேல் நிற்பதுபோல இருந்தது. அவருக்கு மட்டும் சொந்த வீட்டு வாசல்.

வடக்கில் இருந்தது. பாறை நடுவில் வெட்டுப்பட்டு, தாதுப்பட்டை அந்தப் பக்கமாக விலகிப் போயிருந்தது. நான் வரைந்த அளவுக்கு இல்லை, அதில் பாதிகூட இல்லை. ஆனால் அளவாக ஒரு ஆலை வைத்து ஓட்டுகிற அளவுக்கு இருந்தது. சொந்தக்காரப் பெரியவர் சாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாராம். ஆலை சின்னதாயிற்று, சரிவுப் பாதை வடக்கே திரும்பிற்று, வேலை தொடங்கிற்று.

ஆலை ஓட ஆரம்பிக்கிற நாளுக்கு மாமா, அத்தை, இன்னும் சில பங்குதாரர்கள், நான் எல்லாரும் போனோம். பூசை போடாமல் எப்படி என்று அத்தை சேலத்திலிருந்தே தேங்காய் கொண்டுவந்திருந்தார். சுரங்க வாசலில் மாமா தேங்காயை உடைத்தார். அங்கத்திய தொழிலாளிகள் ஆளுக்கொரு துண்டு வாங்கித் தின்றார்கள். பிறகு எல்லாரும் புதுப் பாதைக்குள் இறங்கினோம். அத்தை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கொண்டைக்கு மேல் தலைக்கவசம் உட்காராமல் அதை ஒரு கையால் பிடித்தபடி வந்தார். நான்தான் முன்னால். கையை வீசி வீசி விளக்கிக்கொண்டு போனேன். பாதையின் கோடியில் சார் ஏற்கெனவே நின்றிருந்தார்.

“இந்தக் கூரையப் பாருங்க அத்தை. நூறு வருசத்துக்கு அசையாது” என்றேன்.

சார் நாங்கள் வந்ததைக் கவனிக்கவேயில்லை. சுவரில் உள்ளங்கையை வைத்து, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, எட்டி, ஒரு வெடிப்பில் நுழைத்தார். பேனா உள்ளே போயிற்று. திரும்பினார். அந்த முகத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

“எல்லாரும் வெளிய போங்க. இது விழப்போகுது.”

“சார், நல்லாத் தெரியுமுங்களா?” என்றேன். பழக்கதோஷம்.

“தெரியும்.”

அவ்வளவுதான். மாமா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினார். அத்தை தலைக்கவசத்தை விட்டுவிட்டு ஓடினார். தமிழ் தெரியாத தொழிலாளிகளும் துளை இயந்திரத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள். நான் யாருக்கும் பின்னால் ஓடவில்லை. முன்னால் வழிகாட்டி வந்தவன், திரும்பும்போது கடைசியில் இருந்திருக்க வேண்டும். ஆனாலும் எல்லாரையும் தாண்டி வெளிச்சத்துக்கு முதலில் வந்து சேர்ந்தது நான்தான். அந்த வேகத்தை மாமா இன்றும் சொந்தபந்தம், ஒறம்பரை கூடுகிற இடத்திலெல்லாம் வர்ணிக்கிறார்.

சார்தான் கடைசி. ஒவ்வொரு ஆளையும் தன்னைத் தாண்டிப் போகவிட்டு, உள்ளே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். அவர் வெளிச்சத்துக்கு வந்த கொஞ்ச நேரத்தில் உள்ளே இடி இடித்ததுபோல் ஒரு சத்தம். சுரங்க வாயிலிருந்து காற்று அடித்து எங்கள் முகமெல்லாம் கல்மாவு. நாங்கள் நின்று கூரையைப் பாராட்டிய இடம் முழுக்கக் கல்லாகிக் கிடந்தது.

 சார் மண்ணில் உட்கார்ந்தார். சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். அத்தை தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் வாயருகே கொண்டுபோனார், பிள்ளைக்குக் கொடுப்பதுபோல்.

“எப்படிங்க சாமி கண்டுபுடிச்சீங்க?”

“காலைல அந்த வெடிப்புல நகம் நுழையலங்கம்மா. இப்ப பேனா நுழையுது. மாவு வேற கொட்ட ஆரம்பிச்சுருச்சு.” ஒரு வாய் குடித்துவிட்டு, “பேனா உள்ளயே போச்சு” என்றார்.

மாமா மூச்சு வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்தார். “தெரியுமாங்கன்னு நின்னு கேக்கறீங்களே மாப்ள. அந்த மனுசன் வாயில அந்த வார்த்த வந்து நாம எப்பங்க கேட்டிருக்கறோம்?”

அதன் பிறகு கூரை முழுவதும் இரும்பு ஆணி அடித்துத் தாங்கல் கொடுக்கிற வரைக்கும் உள்ளே யாரும் போகக் கூடாது என்று சார் சொல்லிவிட்டார். உருக்காலைக்காரர்களுக்கு நான் வாக்குக் கொடுத்திருந்த தேதி தாண்டிப் போயிற்று. எப்போது திறப்பீர்கள் என்று அவர்கள் என்னைக் கேட்பார்கள், நான் சாரைக் கேட்பேன். தெரியாது என்பார். இந்தத் தடவை மாமா என்னைக் கூப்பிட்டு, “நீங்க கொஞ்ச நாளைக்கு லாரிய மட்டும் பாருங்க மாப்ள” என்றார். மருமகனிடம் இதைவிடப் பதமாக யாராலும் சொல்ல முடியாது. தாங்கல் வேலை முடிந்து, சார் உள்ளே போய்ப் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் பாதை திறந்தது. இன்றுவரை ஓடுகிறது. யாரும் மாளிகை கட்டவில்லை. அத்தை கடைக்கு மட்டும் குளிர்சாதனம் போட்டார்.

சார் ஊருக்குத் திரும்பிய பிறகும் நான் அடிக்கடி சூரமங்கலம் போவேன். எதையாவது கேட்டு, தெரியாது என்று சொல்ல வைத்து, காபி குடித்துவிட்டு வருவேன். அதில் ஒரு நிம்மதி இருந்தது. ஒருநாள் காலை அப்பா தூங்கி எழுந்திருக்கவில்லை என்று சாரின் மகள் பெங்களூரிலிருந்து ஃபோன் செய்தாள். மறுநாள் சாயங்காலம் அவர்களுடைய கிறிஸ்தவக் கோயிலில் பூசை, பிறகு அடக்கம்.

மாமா இரண்டு வேன் பிடித்தார். அன்று சுரங்கத்திலிருந்து ஓடிவந்த எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாரும் ஏறினார்கள். மாமாவின் மடியில் பெரிய ரோஜா மாலை. சேலத்துக்குள் நுழைந்ததும் அத்தை, “எந்தக் கோயிலுன்னு டீச்சரம்மா ஊட்ல ஒரு போனு போட்டுக் கேட்டுக்குங்க சாமி” என்றார்.

“எனக்குத் தெரியாதுங்களா அத்தை? எத்தன தடவ வந்திருக்கேன்” என்றேன்.

கூட்டிக்கொண்டு போனேன். கோயில் வாசலில் ஏகப்பட்ட கார்கள். சாருக்கு இவ்வளவு பேரா என்று மாமா கண்கலங்கினார். உள்ளே வெள்ளைப் பூ அலங்காரம். அவர்கள் வழக்கம் அப்படி என்று நான் மெதுவாக விளக்கினேன். கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்தோம். இசை ஆரம்பித்தது, எல்லாரும் எழுந்தார்கள், வாசல் பக்கமிருந்து மணப்பெண் நடந்து வந்தாள்.

கோட்டுப் போட்ட ஒருவர் எங்களைப் பார்த்து முகம் மலர்ந்து, மாலையை வாங்கிக்கொள்ள இரண்டு கைகளையும் நீட்டினார். மாமா மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்து வெளியே வந்தார். நாங்களும் வரிசையாக வெளியே வந்தோம்.

விசாரித்துக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். புது மண்ணுக்குப் பக்கத்தில் டீச்சரும் மகளும் மருமகனும் நின்றிருந்தார்கள்.

“எங்க போயிட்டீங்க தம்பி? உங்களுக்காகக் கொஞ்சம் நிறுத்திக்கூட வச்சோம்” என்றார் டீச்சர். அழுது குரல் கரகரத்திருந்தது.

போக்குவரத்து நெரிசல் என்று சொல்ல வாயெடுத்தேன்.

“மாப்ளைக்குக் கோயிலு தெரியுமுன்னாருங்க” என்றார் மாமா.

டீச்சர் என்னையும் மாமா கையில் இருந்த மாலையையும் பார்த்தார். “எங்க கூட்டிட்டுப் போனார்?”

“கல்யாணத்துக்குங்க” என்றார் அத்தை.

டீச்சர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. மகள் பயந்துபோய் அவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது. மகளும் சிரித்தாள். இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய, நிறுத்த முடியாமல் சிரித்தார்கள். மாமா மாலையை மண்ணின்மேல் வைத்தார். நாங்கள் ஆளுக்கொரு பிடி மண் போட்டோம்.

திரும்பும்போது டீச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“சுரங்கம் நல்லாப் போயிட்டிருக்கா தம்பி? இன்னும் எத்தனை வருஷம் ஓடும்?”

“அதுக்கென்னுங்க டீச்சர், இன்னும் இருபது வருசம் கண்டிப்பா ஓடுமுங்க” என்றேன்.

டீச்சர் நின்று, மாலை கிடந்த பக்கம் திரும்பினார்.

“கேட்டீங்களா?” என்றார்.